மேட்டில் திணறும் வீரா: பம்பை மாற்றும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1997 புரோட்டோன் வீரா 1.5 காரை நான் ஓட்டுகிறேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சின், ஓட்டோ கியர். சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் வந்து, துன் சர்டோன் சாலையில் பாலிக் பூலாவுக்கு ஏறும்போது பாதி மேட்டில் இழுவை குறைந்துகொண்டே வருகிறது. மிதித்தால் முக்குகிறது, ஆனால் ஏற மாட்டேன் என்கிறது. ஓரம்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் பிறகு ஏறிவிடுகிறது. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம். சில நேரம் டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வருகிறது. பிளக், பிளக் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாற்றியாயிற்று. ஒரு ஃபோர்மன் பம்ப் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியு என்கிறார். ரோன்97 பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. எதை மாற்றுவது?
— ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

பதில்: வணக்கம் ஐயா. இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகள் பெட்ரோல் போதிய அளவு வராததையே காட்டுகின்றன. ஆனால் பெட்ரோல் வராமல் போவதற்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. பம்ப் அவற்றில் ஒன்றுதான். சில காரணங்களைச் சரிசெய்யச் சில வெள்ளிகூட ஆகாது.

பிளக்கையும் கேபிளையும் மாற்றியும் குணம் தெரியாததில் வியப்பில்லை. கரண்ட் கோளாறு என்றால் கார் வெட்டி வெட்டி இழுக்கும், மீட்டர் முள் சட்டென்று துள்ளும். பெட்ரோல் குறைந்தால் உங்களுக்கு நடப்பதுபோல இழுவை மெல்ல மெல்ல வடியும். மிதியைச் சற்றுத் தளர்த்தினால் கொஞ்சம் உயிர் வரும், அழுத்தினால் மறுபடி திணறும். ரோன்97 பற்றியும் சொல்லிவிடுகிறேன்: இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 9.2க்கு 1. அதற்கு ரோன்95 போதும். ரோன் எண் கூடினால் வெடிப்புத் தட்டல்தான் குறையும், பம்ப் தள்ளும் பெட்ரோலின் அளவு கூடாது.

செலவில்லாத சோதனை ஒன்றை முதலில் செய்யுங்கள். மூடியைத் திறக்கும்போது வரும் அந்தச் சத்தம் காற்று உள்ளே போகும் சத்தமா, வெளியே வரும் சத்தமா? மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மூடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். காகிதம் வெளியே பறந்தால் கவலை வேண்டாம். நம் ஊர் வெயிலில் பெட்ரோல் ஆவி சேர்வது இயல்பு. காகிதம் உள்ளே இழுக்கப்பட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது என்று பொருள். பம்ப் உறிஞ்சும் பெட்ரோலுக்கு ஈடாகக் காற்று உள்ளே நுழைய வழியில்லை.

அப்படிக் காற்று நுழையாவிட்டால் புத்தம்புதிய பம்பும் தோற்றுப்போகும். வெற்றிடத்தை எதிர்த்து உறிஞ்சுவது ஒரு சிரமம். அதைவிடப் பெரிய சிரமம், பெட்ரோலின் இலேசான பகுதி சாதாரணக் காற்றழுத்தத்திலேயே 35 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கும் என்பது. அழுத்தம் குறைந்தால் அதற்கும் கீழேயே கொதிக்கும். பம்பின் வாயில் திரவத்துக்குப் பதில் ஆவி புகுந்தால் அது வெறுமனே சுழலும், எதையும் தள்ளாது. பத்து நிமிடம் நின்றால் சரியாவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த நேரத்துக்குள் காற்று கசிந்து நுழைந்துவிடும், சூடும் கொஞ்சம் தணியும்.

ஆகவே அடுத்த முறை மேட்டில் திணறியவுடன் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, டேங்க் மூடியைத் திறந்து உடனே மூடிவிட்டு, காத்திராமல் அப்போதே ஏறிப் பாருங்கள். கார் கிண்ணென்று ஏறினால் கோளாறு காற்று வழியில்தான். மூடியிலேயே சிறு வால்வு ஒன்று இருக்கும். அது தூசியாலோ துருவாலோ ஒட்டிக்கொள்ளும். வேறு மாடல் காரின் மூடி தற்செயலாகப் பொருந்தி, அதில் வால்வே இல்லாதிருப்பதும் உண்டு. மூடி நன்றாக இருந்தால் டேங்கிலிருந்து கரிப்பெட்டிக்குப் போகும் ஆவிக்குழாயைப் பாருங்கள். எஞ்சின் அறையிலுள்ள கறுப்பு உருளைதான் கரிப்பெட்டி. அந்தக் குழாய் மடிந்தோ நசுங்கியோ இருக்கலாம், டேங்க் பக்கமுள்ள இருவழி வால்வு அடைத்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குழாயைக் கரிப்பெட்டிப் பக்கம் கழற்றி, கைப்பம்பால் மெல்லக் காற்று செலுத்தினால் தெரிந்துவிடும். வாயை வைத்து ஊத வேண்டாம். ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

மூடியைத் திறந்தும் மாற்றமில்லை என்றால் அழுத்தமானி இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. இங்கே பலரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பட்டறையில் காரை ஸ்லோவில், அதாவது மிதியை அழுத்தாமல் நின்ற இடத்தில், ஓடவிட்டு மானியை மாட்டுவார்கள். முள் சரியான இடத்தில் நிற்கும். "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு தவறாக இருக்கலாம்.

ஏன் என்று விளக்குகிறேன். வீராவில் பெட்ரோல் ஒரு வட்டத்தில் ஓடுகிறது. டேங்க்குக்குள் இருக்கும் மின்பம்ப் ஃபில்டர் வழியாக, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ரெயில் குழாய்க்குத் தள்ளும். ரெயிலின் முனையிலுள்ள ரெகுலேட்டர் தேவையான அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ரிட்டர்ன் குழாயில் டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும். நல்ல பம்ப் மணிக்கு 80 லிட்டர் அளவுக்குத் தள்ளும். எஞ்சினோ ஸ்லோவில் மணிக்கு ஒரு லிட்டரைத்தான் குடிக்கிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் 12, 15 லிட்டர் வரை போகும். பம்ப் தேய்ந்து மணிக்கு 10 லிட்டர்தான் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோவில் அதுவே தாராளம். ரிட்டர்னுக்கும் போகும், முள்ளும் சரியாக நிற்கும். சமதரை ஓட்டத்துக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். துன் சர்டோன் மேட்டில் ஏறும்போதுதான் ரிட்டர்ன் வறண்டு, ரெயில் அழுத்தம் சரியத் தொடங்கும். கால் டேங்க்குக்குக் கீழே மோசமாவதும் இதோடு ஒத்துப்போகிறது. எஞ்சின் சூட்டை வாங்கித் திரும்பும் பெட்ரோல், டேங்கில் இருக்கும் கொஞ்சத்தையும் சீக்கிரம் சூடாக்கிவிடும். பெட்ரோலில் மூழ்கி இருப்பதுதான் பம்புக்குக் குளிர்ச்சி, அதுவும் குறைந்துவிடும்.

ஆகவே அழுத்தத்தோடு அளவையும் பார்க்க வேண்டும், அதுவும் சுமையில் பார்க்க வேண்டும்.

மானி மாட்டுவதற்கு முன் லைனில் நிற்கும் அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். எஞ்சின் ஓடும்போதே பம்பின் மின்இணைப்பைக் கழற்றினால் சிறிது நேரத்தில் தானே நின்றுவிடும். ஸ்டார்ட்டரை இரண்டு விநாடி சுற்றிவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், பக்கத்தில் சிகரெட்டோ வெல்டிங்கோ இருக்கக் கூடாது. தூள் வகைத் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அடுக்குமாடிக் கார் பார்க்கில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஃபில்டர் எஞ்சின் அறையில், பின்சுவரை ஒட்டி இருக்கும். மேலே உள்ள துளைபோல்ட்டைக் கழற்றும்போது ஒரு ஸ்பானரால் ஃபில்டரின் அறுகோணத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் போல்ட்டைத் திருகுங்கள். ஒரே ஸ்பானரில் முறுக்கினால் குழாய் திருகிக்கொள்ளும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லத் தளர்த்துங்கள். அந்த இடத்தில் தகுந்த இணைப்பியோடு மானியை மாட்டி, இருபுற வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க நினைக்க வேண்டாம். 3 பார் அழுத்தத்தில் ஒரு துளிக் கசிவு சூடான எக்சாஸ்ட்மேல் விழுந்தால் கார் எரியும்.

பேட்டரியையும் பம்ப் இணைப்பையும் திரும்ப மாட்டி எஞ்சினைக் கிளப்புங்கள். முதலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லோவில் முள் 2.65 பாரை ஒட்டி நிற்க வேண்டும். ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும் மெல்லிய வெற்றிடக் குழாயைக் கழற்றி விரலால் அடைத்தால் முள் 3.25 முதல் 3.45 பாருக்குள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். கழற்றிய குழாய்க்குள் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் உள்ஜவ்வு கிழிந்துவிட்டது. வேறு சோதனை வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து ரிட்டர்ன் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய பிளையரால் இரண்டு விநாடி மட்டும் மெல்ல நசுக்குங்கள். நல்ல பம்ப் என்றால் முள் சட்டென்று 4.5 பாரைத் தாண்டப் பார்க்கும், உடனே விட்டுவிடுங்கள். ஆடி அசைந்து ஏறினால், அல்லது 3.5 பக்கத்திலேயே நின்றுவிட்டால் தள்ளுசக்தி இல்லை. ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள். முதலில் குழாயை மாற்றுங்கள்.

எஞ்சினை நிறுத்தியபின் முள்ளைக் கவனியுங்கள். இரண்டு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்திய கணமே பொத்தென்று விழுந்தால் பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு மூடவில்லை. மெல்ல மெல்ல இறங்கினால் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ ஒழுகுகிறது. இது உங்கள் மேட்டுத் திணறலுக்கு நேரடிக் காரணமாகாது. சூடான காரை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அளவுச் சோதனைக்கு எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை முன்போலவே இறக்கி, ரிட்டர்ன் குழாயைக் கழற்றி அளவுக்கோடு போட்ட பெட்ரோல் கேனில் விடுங்கள். மினரல் வாட்டர் போத்தல் வேண்டாம். எஞ்சின் அறையில் உள்ள பம்ப் சோதனை முனையில் பேட்டரி பொசிட்டிவைக் கொடுத்து 30 விநாடி ஓட்டுங்கள். வயரைப் பேட்டரிப் பக்கம் கடைசியாகத் தொடுங்கள், பொறி கேனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். அரை லிட்டரை ஒட்டி விழுந்தால் பம்ப் தகுதியானது. கால் லிட்டருக்கும் கீழே என்றால் பம்ப், ஃபில்டர், பம்பின் வாயிலுள்ள வலைப்பை, மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்று கெட்டிருக்கிறது. ஃபில்டரில் இருந்து தொடங்குங்கள், அதுதான் மலிவு. கழற்றிய ஃபில்டரை, பெட்ரோல் உள்ளே நுழையும் பக்கம் கீழாக, வெள்ளைத் தட்டில் கவிழ்த்துங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் டேங்க்குக்குள் துரு இருக்கிறது. அப்படியானால் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்யாவிட்டால் புதிய பம்பின் வலைப்பையும் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

மின்சாரத்தைப் பார்க்காமல் பம்பை வாங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் நல்ல பம்புகள் பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கிறது என்றால் பம்பின் இணைப்பில் 13.3க்குக் குறையக் கூடாது. பம்பின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு அளக்காதீர்கள். கரண்ட் ஓடாதபோது கெட்டுப்போன வயரும் முழு வோல்ட்டைக் காட்டும். பம்புக்கு 11 வோல்ட்தான் போகிறது என்றால் அது தள்ளும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். டேங்க் மேல் உள்ள பிளக்கின் பின்கள் பழுப்பேறி உருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடற்காற்று படும் நம் தீவில் எர்த் போல்ட்டுக்குக் கீழே பச்சை பூத்திருப்பது சாதாரணம். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் கதை முடிந்துவிடவும் கூடும்.

பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் கண்ட்ரோல் ரிலேயும் இந்தக் காரில் வயதானதுதான். உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டால் சூட்டில் இணைப்பு விடும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் பெட்ரோல் சட்டென்று அறுந்துபோகும், உங்கள் காரில்போல மெல்ல வடியாது. அதனால் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் மானியோடு மேட்டில் ஏறிப் பாருங்கள். நீளமான ஹோஸ் கொண்ட மானியை முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அடியில் கட்டி, ஹோஸ் எக்சாஸ்டையும் பெல்ட்டையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் மானியைக் காருக்குள் கொண்டுவராதீர்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முள்ளைப் பார்க்க வேண்டும். முழுக்க மிதிக்கும்போது 3.3 பாரை ஒட்டி நிற்க வேண்டிய முள், திணறும் நேரத்தில் 2 பாருக்கு இறங்கினால் இன்ஜெக்டர் தெளிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். ஈசியுவுக்கு இது தெரியாது. அழுத்தத்தை அளக்க அதற்கு எந்த சென்சாரும் இல்லை, வழக்கமான நேரத்துக்கே இன்ஜெக்டரைத் திறக்கும். எனவே கலவை வறண்டு, எக்சாஸ்ட் வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும். இந்த நிலையில் வாரக்கணக்கில் மேடு ஏறிக்கொண்டிருப்பது எஞ்சினுக்கு நல்லதல்ல. சரியாகும்வரை பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் வழியாகச் சுற்றிப் போங்கள், டேங்கில் பாதிக்குக் குறையாமல் வையுங்கள்.

திணறும்போதும் முள் 3.3இலேயே அசையாமல் நின்றால் பெட்ரோல் லைனை மறந்துவிடுங்கள். சூட்டில் தடுமாறும் இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார், காற்றளவு சென்சார், அடைத்துக்கொண்ட எக்சாஸ்ட் என்று தேடல் வேறு பக்கம் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து மிட்சுபிஷி ஈசியுக்களில் கப்பாசிட்டர் ஒழுகுவது உண்மைதான். இரண்டாவது ஃபோர்மன் அதை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் ஈசியு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாலே உள்பலகையில் கறையும் மீன் வாடையும் தெரியும். அதைப் பார்க்காமல், பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் பொத்தோங் கடையில் வேறு ஈசியு வாங்கிப் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பம்ப்தான் கெட்டிருக்கிறது என்று எண்கள் சொன்னால், பொத்தோங் கடைப் பம்ப் வேண்டாம். அதுவும் உங்கள் பம்பின் வயதுதான், போதாததற்குக் காய்ந்து கிடந்திருக்கும். கார்புரேட்டர் காருக்கான மின்பம்பும் ஆகாது, அது அரை பாரைக்கூட எட்டாது. வீரா 1.5 இன்ஜெக்‌ஷனுக்கு என்று கேட்டு, புதிய வலைப்பையோடும் டேங்க் மூடித்தட்டின் புதிய ரப்பர் வளையத்தோடும் சேர்த்து வாங்குங்கள்.

இன்னொரு சிறு பொருளையும் மறக்க வேண்டாம். டேங்க்குக்குள் பம்பையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் விரலளவு ரப்பர் ஹோஸ் உண்டு. சாதாரண பெட்ரோல் ஹோஸ் உட்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். மூழ்க வைத்தால் வெளிப்பக்கம் உப்பி, வெடித்துவிடும். பிறகு பம்ப் தள்ளுவதில் பாதி டேங்க்குக்குள்ளேயே ஒழுகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, அழுத்தம் மட்டும் குறையும். புதுப் பம்ப் போட்டும் அதே நோய் என்று திரும்பி வரும் கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மூழ்கும் இடத்துக்கான எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸையே கேளுங்கள். வெளிப்புற இன்ஜெக்‌ஷன் ஹோஸுக்கு ஜே30ஆர்9. கிளிப்பும் ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் வகையாக இருக்கட்டும். பல் வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரைக் கிழிக்கும்.

இதைப் படிக்கும், கார்புரேட்டர் வைத்த 1.3 வீரா, கார்புரேட்டர் வைத்த சாகா இஸ்வாரா உரிமையாளர்கள் மேலே சொன்ன அழுத்த எண்களைத் தங்கள் காருக்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் எஞ்சின் தலையில் பூட்டிய இயந்திரப் பம்ப் 0.2 பாரை ஒட்டித்தான் கொடுக்கும். டேங்க் மூடிச் சோதனை மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

உங்கள் ஃபோர்மனிடம் மானி இல்லை என்றால், மானி வைத்திருக்கும் பட்டறைக்கே காரைக் கொண்டுபோங்கள். ஸ்லோ அழுத்தம், வெற்றிடக் குழாய் கழற்றிய அழுத்தம், 30 விநாடியில் விழுந்த அளவு, பம்பின் இணைப்பில் வோல்ட் ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். குழப்பம் தீராவிட்டால் அந்த எண்களோடு மறுபடி எழுதுங்கள். மூடிச் சோதனையில் காகிதம் எந்தப் பக்கம் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.